அழகுக்கும் கணக்கு உண்டு! நியூசிலாந்து கிராமச் சாலையில் 480 கிலோமீட்டர்

பிள்ளைகள் வேலைக்கும் படிப்புக்கும் நியூசிலாந்து போய்விட்டால், ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவும் ஒருமுறையாவது அங்கே போய் வருகிறார்கள். அப்படிப் போகிறவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு சுற்றிவர அருமையான சாலை ஒன்று அந்நாட்டின் தெற்குத் தீவில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையோரம் உள்ள கிறைஸ்ட்சர்ச் நகரில் தொடங்கி, சமவெளி, குன்று, ஏரி, கணவாய், பழத்தோட்டம் என்று மாறிக்கொண்டே போய், மலைகளுக்கு நடுவே குயின்ஸ்டவுனில் முடிகிறது. மொத்தம் ஏறக்குறைய 480 கிலோமீட்டர். ஒரே பகலில் ஓட்டி முடித்துவிடலாம். ஆனால், வழியில் இரண்டு இரவு தங்கிப் போனால்தான் எதையும் பார்த்ததாகும்.

சுற்றுலா வருகிறவர்கள் இந்தச் சாலையில் மலையையும் ஏரியையும் படம் பிடிக்கிறார்கள். ஏர் பிடித்துப் பழகியவர்களின் கண் வேறு. அது வேலியைப் பார்க்கும், புல்லைப் பார்க்கும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடும். அப்படிப் பார்த்தால் ஒன்று விளங்கும். இங்கே காட்சியாகத் தெரிவதில் பெரும்பகுதி, யாரோ ஒரு விவசாயி என்றைக்கோ எடுத்த முடிவு. அதில் லாபமும் இருக்கிறது. இன்னும் கட்டித் தீராத கடனும் இருக்கிறது.

பெட்டியைத் திறக்கும்போதே முதல் பாடம்

பயணம் சாலையில் தொடங்குவதில்லை. விமான நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. மகள் வீட்டுக்குப் போகும் தாயின் பெட்டியில் கறிவேப்பிலை இருக்கும். பின்கட்டில் போடக் கொஞ்சம் கீரை விதை இருக்கும். ஒரு பாட்டில் மலைத்தேனும் இருக்கலாம். நியூசிலாந்தில் இறங்கியதும் இவை அத்தனையையும் படிவத்தில் எழுதிக் காட்டியாக வேண்டும். மறைத்துக் கொண்டுபோய் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். நம் பணத்தில் சுமார் 20,000 ரூபாய். எழுதிக் காட்டிவிட்டால் அபராதம் கிடையாது. அதிகாரி பார்த்து, ஆபத்தில்லாததைக் கொடுத்துவிடுவார்; மற்றதை எடுத்துக்கொள்வார். வயலில் நடந்த செருப்பு, பூட்ஸ் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவித்தான் உள்ளே விடுவார்கள்.

'ஒரு கைப்பிடி விதைக்கு இத்தனை கெடுபிடியா?' என்று தோன்றும். அந்த நாட்டில் கோமாரி நோய் இதுவரை வந்ததே இல்லை. பாலும் இறைச்சியும் பழமும் விற்று வாழும் நாடு அது. ஒரே ஒரு பெட்டியில் வரும் ஒரு கிருமி போதும், ஏற்றுமதிச் சந்தை ஒரே நாளில் மூடிவிடும். முன்பு விவரம் புரியாமல் உள்ளே விட்டவை என்ன பாடு படுத்துகின்றன என்பதை இதே சாலையில் போகப் போகப் பார்க்கலாம்.

பச்சைச் சமவெளியும் அடியில் இருக்கும் நீரும்

கிறைஸ்ட்சர்ச்சைத் தாண்டித் தெற்கே திரும்பினால் கேன்டர்பரி சமவெளி. தட்டையான நிலம், மேற்கே தொலைவில் பனி மூடிய மலைத்தொடர். வயல்களுக்கு நடுவே பைன், சைப்ரஸ் வகை மரங்களை மதில்போல வெட்டி நேராக்கி வளர்த்திருக்கிறார்கள். மலையைத் தாண்டி வடமேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்றைத் தடுக்கத் தாத்தா காலத்தில் வைத்த உயிர்வேலி அது. அந்தக் காற்று மேல்மண்ணையே வாரிக்கொண்டு போய்விடும். ஆனால், பல இடங்களில் அந்த மர மதில் இப்போது காணாமல் போயிருக்கிறது. காரணம், வயலின் நடுவே நின்று சுழலும் ராட்சதத் தெளிப்பான்கள். அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்தக் குழாய்க்கை வட்டமடிக்க வேண்டுமென்றால் குறுக்கே மரம் இருக்கக் கூடாது. தண்ணீருக்காகக் காற்றுத்தடுப்பை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

வழியில் ரக்கையா ஆற்றுப் பாலம் வரும். நீளம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். அந்த நாட்டிலேயே நீளமான சாலைப் பாலம் இதுதான். கீழே ஆறு ஒரே ஓட்டமாக ஓடாது. கூழாங்கல் படுகையில் சடை பின்னியதுபோலப் பல கிளைகளாகப் பிரிந்தும் சேர்ந்தும் ஓடும். மலையில் கொட்டும் மழையும் பனியும்தான் இதற்கு ஆதாரம். சமவெளியில் பெய்வதோ ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதனால் 1937-ல் தொடங்கி, மலையடிவாரத்தை ஒட்டி 67 கிலோமீட்டர் நீளத்துக்கு ரங்கிடாட்டா ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டினார்கள். கோடையில் பாசனம், குளிர்காலத்தில் மின்சாரம் என்று அதன் நீரை இரண்டு விதமாகப் பயன்படுத்தினார்கள். இன்று அந்நாட்டின் மொத்தப் பாசன நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த ஒரு மாகாணத்தில்தான் இருக்கிறது.

தண்ணீர் வந்ததும் பயிர் மாறியது. கோதுமையும் செம்மறியும் இருந்த நிலத்தில் 1990-களுக்குப் பிறகு கறவை மாடுகள் வந்தன. பாலை வாங்கிப் பவுடராக்கி உலகமெங்கும் அனுப்ப, விவசாயிகளே பங்குதாரர்களாக உள்ள ஃபான்டெரா கூட்டுறவு 2001-ல் உருவானது. நாட்டில் இன்று கறவை மாடுகள் 60 லட்சத்தை ஒட்டி இருக்கின்றன.

கார் ஜன்னலில் தெரியும் அந்தப் பச்சைக்கு விலை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. இந்தச் சமவெளி கூழாங்கல் நிறைந்தது. தண்ணீர் சட்டென்று கீழே இறங்கிவிடும். மாட்டு மூத்திரத்தில் உள்ள தழைச்சத்தையும், புல் எடுத்தது போக மிஞ்சிய யூரியாவையும் நைட்ரேட்டாகக் கரைத்து நிலத்தடிக்குக் கொண்டுபோய்விடும். குடிநீரில் நைட்ரேட்-நைட்ரஜன் ஒரு லிட்டருக்கு 11.3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அங்கே விதி. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து என்பதால் வைத்த எல்லை அது. கேன்டர்பரியில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் அந்த எல்லை தாண்டியிருக்கிறது.

அதனால் 2021 ஜூலையிலிருந்து ஒரு கட்டுப்பாடு வந்தது. மேய்ச்சல் நிலத்தில் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 190 கிலோவுக்கு மேல் ரசாயனத் தழைச்சத்து போடக் கூடாது. நம் கணக்கில் ஏக்கருக்கு 77 கிலோ தழைச்சத்து. யூரியாவாகச் சொன்னால் சுமார் 167 கிலோ. பால் பண்ணைக்காரர்கள் எவ்வளவு போட்டோம் என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். 'இந்த அளவே அதிகம், கிணறு தேறாது' என்கிறது ஒரு தரப்பு. 'இதற்கும் கீழே போனால் பண்ணை கட்டுப்படியாகாது' என்கிறது இன்னொரு தரப்பு. அந்தப் பச்சை வயல்களின் மேல் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

மானியம் நின்ற ஆண்டு

ஜெரால்டின் ஊரில் திரும்பி ஃபேர்லி நோக்கிப் போகும்போது தட்டை நிலம் முடிந்து குன்றுகள் வரும். அவற்றின் மேல் வெள்ளைப் புள்ளிகளாகச் செம்மறி ஆடுகள். பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அவர்களிடம் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. 1982-ல் அந்த நாட்டில் 7 கோடி ஆடுகள் இருந்தன. ஒரு மனிதருக்கு 22 ஆடு! இன்று இரண்டரைக் கோடிக்கும் கீழே. ஆளுக்கு ஐந்துகூட இல்லை.

இடையில் நடந்தது என்ன? 1970-களில் ஆட்டின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட அரசு உதவி கிடைத்தது. 1978 முதல் இறைச்சிக்கும் கம்பளிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையும் வந்தது. சந்தை கேட்கிறதா என்று பார்க்காமல், செங்குத்தான சரிவில்கூடக் காட்டை அழித்து ஆடு விட்டார்கள். 1984 வாக்கில் ஆட்டுப் பண்ணை வருமானத்தில் ஏறக்குறைய 40 சதவிகிதம் அரசு கொடுத்ததாகவே இருந்தது. அந்த ஆண்டு வந்த புதிய அரசு, நாடு கடனில் மூழ்குகிறது என்று சொல்லி மானியங்களை வெட்டத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நில விலை சரிந்தது, வட்டி ஏறியது. ஆயிரக்கணக்கான விவசாயிகள் நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள்.

பத்தில் ஒரு பண்ணை விழுந்துவிடும் என்று அரசே பயந்தது. கடைசியில் நிலத்தை விட்டு வெளியேற நேர்ந்தது நூற்றில் ஒன்றுதான் என்று அந்நாட்டு விவசாயிகள் சங்கம் கணக்குச் சொல்கிறது. மீதிப்பேர் ஆட்டைக் குறைத்து, ஒவ்வோர் ஆட்டுக்கும் குட்டியின் எடையைக் கூட்டினார்கள். மான் வளர்த்தார்கள், மரம் வைத்தார்கள், தண்ணீர் கிடைத்தவர்கள் மாட்டுக்கு மாறினார்கள். இதைக் கேட்டதும், 'மானியமே வேண்டாம் என்பதற்கு இதுவே அத்தாட்சி' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கே ஒரு பண்ணையின் சராசரி அளவு 600 ஏக்கருக்கும் மேல். விற்க நிலமும், மாறிக்கொள்ள இடமும் இருந்தது. அப்படியும் அந்தச் சில ஆண்டுகளில் மனம் உடைந்த குடும்பங்களின் கணக்கு எந்தச் சதவிகிதத்திலும் வராது.

ஆட்டுத் திருடன் பெயரில் ஒரு நாடு

பர்க்ஸ் கணவாயைத் தாண்டியதும் பச்சை மறைந்து நிலம் பழுப்பாகிவிடும். இதுதான் மெக்கென்சி சீமை. பெயர் வந்தது மன்னர் பெயரிலோ ஆளுநர் பெயரிலோ இல்லை. ஜேம்ஸ் மெக்கென்சி என்ற ஸ்காட்லாந்து இடையர் 1855-ல் கடற்கரைப் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆயிரம் ஆடுகளை ஓட்டி வந்தபோது பிடிபட்டார். கூடவே 'ஃப்ரைடே' என்ற நாய். தண்டனை பெற்று, தப்பி, மறுபடி பிடிபட்டு, ஒன்பது மாதத்தில் மன்னிக்கப்பட்டார். ஆடு ஓட்டி வந்த வழியில் பரந்த மேய்ச்சல் நிலம் கிடப்பது வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மாவோரி மக்களுக்கு அது பல தலைமுறைகளாகத் தெரிந்த வழி.

டெக்காப்போ ஏரிக்கரையில் 1968-ல் வைத்த வெண்கல நாய்ச் சிலை இருக்கிறது. வேலி போட முடியாத மலையில் மந்தையைக் காத்த மேய்ப்பு நாய்களுக்கான நன்றி அது. பக்கத்தில் 1935-ல் கட்டிய சின்னக் கல் தேவாலயம். பீடத்துக்குப் பின்னால் ஓவியம் இல்லை, வெறும் கண்ணாடி. ஏரியும் மலையும்தான் ஓவியம். ஏரி நீரின் பால் கலந்த நீலத்துக்குக் காரணம், பனிப்பாறைகள் நகரும்போது மலைக்கல்லை மாவாக அரைத்துவிடுவதுதான். அந்த மாவு நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. முதல் இரவு இங்கே தங்கலாம். வானம் கெடக் கூடாது என்பதற்காகத் தெருவிளக்குகளைக்கூடக் கீழே மட்டும் வெளிச்சம் விழுவதுபோல அமைத்திருக்கிறார்கள். 2012 முதல் இது உலக அளவில் அங்கீகாரம் பெற்ற இருள்வானப் பகுதி.

பூவா, களையா?

நவம்பர், டிசம்பரில் போனால் சாலையோரமும் ஏரிக்கரையும் ஊதா, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று பூத்துக் குலுங்கும். லூபின் என்ற பயறு வகைச் செடி. மொத்தப் பயணத்திலும் அதிகம் படம் எடுக்கப்படுவது இதுதான். சாலை அழகாக இருக்கட்டும் என்று 1940-களின் கடைசியில் ஒரு பண்ணை வீட்டுப் பெண்மணி விதை வாங்கித் தூவினார் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

காய் முற்றி வெடித்தால் விதை தெறிக்கும். ஆற்று நீரில் போய்க் கூழாங்கல் திட்டுகளில் முளைக்கும். மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வெறும் கல்லாக இருக்க வேண்டிய அந்தத் திட்டுகளில்தான் கருப்பு நெடுங்கால் உள்ளான் என்ற பறவை முட்டையிடும். 1981-ல் அந்தப் பறவை உலகத்திலேயே 23 மட்டும் மிஞ்சியிருந்தது. செடி மூடினால் கூடு கட்ட இடமில்லை. புதரில் பதுங்கிப் பூனையும் ஸ்டோட் என்ற கீரி போன்ற விலங்கும் வந்துவிடும். தோட்டத்துப் பூவாக வந்து நம் காடுகளை மூடிய உண்ணிச்செடியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால், அதே லூபினுக்காக வாதாடும் ஆட்டுப் பண்ணைக்காரர்களும் இருக்கிறார்கள். புளித்த, சத்தில்லாத மலை மண்ணில் குதிரைமசால் வராது; லூபின் வரும். வேர்முடிச்சால் மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். மெரினோ ஆடும் தின்னும். அதனால் வட்டார நிர்வாகம் நடுவழி ஒன்றைப் பிடித்திருக்கிறது. ஆறு, ஓடைகளிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விதைக்கக் கூடாது. விதி இருந்தாலும், ஏற்கெனவே ஆற்றில் இறங்கிவிட்ட விதையைத் திரும்ப எடுக்க முடியாது.

பைன் மரத்தின் கதையும் இதேதான். மண்ணரிப்பைத் தடுக்க, காற்றைத் தடுக்க என்று வைத்தது, விதை பறந்து மலை மலையாக முளைத்துவிட்டது. 2016 முதல் அதை வெட்டி அழிக்க ஒரு தேசியத் திட்டமே நடக்கிறது.

முயலும் மிக்ஸியும்

ஓமராமாவைத் தாண்டி, 971 மீட்டர் உயரத்தில் லிண்டிஸ் கணவாய். மரமே இல்லாமல், பொன்னிறக் கோரைப்புல் மட்டும் போர்த்திய மடிப்பு மடிப்பான மலைகள். இறங்கினால் டாரஸ். இந்தப் பக்கத்து மலைக் குகைகளில் ஒளிந்து ஆறு ஆண்டுகள் மயிர் வெட்டப்படாமல் திரிந்த மெரினோ கிடா ஒன்று 2004-ல் பிடிபட்டது. பெயர் ஷ்ரெக். தொலைக்காட்சியில் நேரலையாக வெட்டினார்கள். 27 கிலோ கம்பளி! சாதாரண மெரினோவில் கிடைப்பது நான்கரைக் கிலோவைச் சுற்றித்தான். பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை. பெரியவர்களுக்கான கதை வேறு. மெல்லிய மெரினோ நூலுக்குத் துணி நிறுவனங்களோடு நேரடி ஒப்பந்தம் போட்டவர்கள் பிழைத்தார்கள். முரட்டுக் கம்பளி ஆடு வளர்த்தவர்களில் பலருக்குச் சமீப ஆண்டுகளில் மயிர் வெட்டும் கூலிக்கே கம்பளி விலை காணவில்லை.

இந்த மலைகளை மொட்டையடித்ததில் முயலுக்கும் பங்கு உண்டு. வேட்டைக்கும் கறிக்கும் என்று 19-ம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்டார்கள். சில பத்தாண்டுகளில் ஆட்டுக்குப் புல் இல்லாமல் பண்ணைகளையே கைவிட நேர்ந்தது. முயலைத் தின்னட்டும் என்று 1880-களில் ஸ்டோட்டையும் அதன் இனத்து விலங்குகளையும் விட்டார்கள். அவை முயலோடு நிற்காமல், பறக்கத் தெரியாத பறவைகளையும் தின்றன. 1997-ல் முயலைக் கொல்லும் வைரஸை இறக்குமதி செய்ய அரசு அனுமதி மறுத்தது. சில வாரங்களில் குரோம்வெல் வட்டாரத்தில் அந்த நோய் தோன்றிவிட்டது. யாரோ கள்ளத்தனமாகக் கொண்டுவந்திருந்தார்கள். செத்த முயலின் உறுப்புகளைச் சமையலறை மிக்ஸியில் அரைத்து, தீனியில் கலந்து விவசாயிகளே பரப்பினார்கள். முதலில் முயல் கூட்டமாகச் செத்தது. முறையில்லாமல் பரப்பியதால் பிழைத்த முயல்களுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் முயல் பிரச்னை இன்றும் தீரவில்லை.

மூழ்கிய தோட்டமும் சாலையோரக் கடையும்

குரோம்வெல்லில் இரண்டாம் இரவு தங்கலாம். ஊர் நுழைவில் ராட்சதப் பழச் சிலை வரவேற்கும். ஆண்டு மழை 400 மில்லிமீட்டரைச் சுற்றித்தான், கடுங்குளிர், கடும்வெயில். செர்ரியும் ஆப்ரிகாட்டும் கேட்பது இதைத்தான். கிளைட் அணை கட்டி 1992, 93-ல் தண்ணீர் தேக்கியபோது பழைய ஊரின் ஒரு பகுதியும் நல்ல பழத்தோட்டங்களும் டன்ஸ்டன் ஏரிக்குள் போய்விட்டன. படகு விடும் ஏரிக்கடியில் மரங்களின் வரிசை இருந்தது என்பது பலகையைப் படித்தால்தான் தெரியும்.

பூக்கும் காலத்தில் பனி விழுந்தால் உயரமான காற்றாடிகளைச் சுழற்றி, மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளுகிறார்கள். செர்ரி பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும்; அதனால் ஹெலிகாப்டரை மரத்துக்கு மேல் நிறுத்தி, ஈரத்தை உதிர்க்கிறார்கள். ஒரு மணி நேரம் பறக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டால் தலை சுற்றும். சீனப் புத்தாண்டுச் சந்தைக்குப் பழம் போய்ச் சேர்ந்தால்தான் அந்தச் செலவு திரும்பும். பறிக்க ஆள் பற்றாத குறைக்கு, 2007 முதல் ஓர் அரசுத் திட்டத்தில் வனுவாட்டு போன்ற பசிபிக் தீவுகளிலிருந்து தொழிலாளர்கள் வந்து போகிறார்கள்.

சாலையோரம் ஆள் இல்லாத சின்னக் கடைகள் பல கண்ணில் படும். பழம், முட்டை, காய்கறி எதுவாக இருந்தாலும் விலை எழுதியிருக்கும். பணம் போட ஒரு பெட்டி இருக்கும். எடுத்துக்கொண்டு, போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இடைத்தரகர் இல்லாமல் முழு விலையும் விவசாயிக்குப் போகும் கடை அது. இங்கிருந்து 60 கிலோமீட்டரில் குயின்ஸ்டவுன்.

குடும்பத்தோடு போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை

எந்த மாதம் போகலாம்? நமக்குக் குளிர்காலமான டிசம்பர், ஜனவரி அங்கே கோடை. செர்ரியும் அப்போதுதான். இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஏரிக்கரையில் காற்று குளிரும்; கம்பளிச் சட்டை அவசியம்.

நம் ஓட்டுநர் உரிமம் செல்லுமா? ஆங்கிலத்தில் அச்சிட்ட உரிமம் இருந்தால் குறிப்பிட்ட காலம் வரை ஓட்டலாம். நம்மைப்போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். நகரத்துக்கு வெளியே உச்ச வேகம் 100 கிலோமீட்டர். ஏழு வயது ஆகாத பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம்.

ஒற்றை வழிப் பாலம் வந்தால்? பாலத்துக்கு முன்னால் உள்ள பலகையில் இரண்டு அம்புக்குறி இருக்கும். நம் பக்கத்து அம்பு சின்னதாகவும் சிவப்பாகவும் இருந்தால் நின்று எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும்.

வழியில் ஆட்டு மந்தை வந்தால்? ஹாரன் அடிக்காமல் நிறுத்திவிட வேண்டும். நாய் வழி ஒதுக்கித் தரும்.

பண்ணைக்குள் போய்ப் பார்க்கலாமா? கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே போகும் முன்பும் வெளியே வந்த பிறகும் செருப்பைக் கழுவ வேண்டும். பண்ணைக் கதவுகளுக்கு ஒரே விதிதான். திறந்திருந்ததைத் திறந்தபடியே விட வேண்டும். மூடியிருந்ததைக் கடந்ததும் மூடிவிட வேண்டும்.